ஜபமாலை உருட்டியே திபெத்தை அளந்த பள்ளிக்கூட வாத்தியார்... யார் இந்த நைன் சிங் ராவத்?

கையில் ஜபமாலை. இன்னொரு கையில் சுழலும் பிரார்த்தனைச் சக்கரம். உதட்டில் மந்திரம். இமயமலையைத் தாண்டிப் போகும் வியாபாரக் கூட்டத்தில் இப்படி ஒருவர் நடந்து போனால் யாருக்குச் சந்தேகம் வரும்? யாருக்குமே வரவில்லை. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அந்த மாலையில் 108 மணிகள் இருந்திருக்க வேண்டும். ஆனால் இருந்தது 100. நூறு எட்டு நடந்ததும் ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு முழுச் சுற்று வந்தால் 10,000 எட்டு. பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருள் இல்லை. எந்த இடத்திலிருந்து எந்தத் திசையில் எத்தனை எட்டு என்று கிறுக்கிய காகிதத் துண்டுகள் இருந்தன. அவர் சாமியாரும் இல்லை, வியாபாரியும் இல்லை. இமயமலை அடிவாரக் கிராமம் ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வாத்தியார். பெயர் நைன் சிங் ராவத்.

வெளிநாட்டவர் யாரும் நுழையக் கூடாது என்று திபெத் கதவை அடைத்து வைத்திருந்த காலத்தில், தலைநகர் லாசா பூமிப்பந்தில் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்று முதன்முதலில் அளந்து சொன்னவர் இவர்தான். அதற்காக அவர் எடுத்துவைத்த காலடிகள் சுமார் 25 லட்சம்.

பனிமலை அடிவாரத்தில் பிறந்தவர்

நைன் சிங் பிறந்தது 1830 அக்டோபர் 21. இன்றைய உத்தராகண்ட் மாநிலம், பித்தோராகர் மாவட்டத்தில் ஜோஹார் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் கடைக்கோடியில், பனியாறு உருகி கோரி கங்கையாக ஓடத் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள மிலம்தான் அவருடைய ஊர். கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேல். அப்பா பெயர் அமர் சிங்.

அந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்கு எல்லைக்கு அப்பால் இருந்த திபெத் ஒன்றும் அந்நிய நாடு இல்லை. கோடை வந்து கணவாய்கள் திறந்ததும் தானியம், துணி, வெல்லம் ஏற்றிக்கொண்டு மேலே போவார்கள். உப்பும் கம்பளியும் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த வியாபாரம் இது. நைன் சிங்கும் சின்ன வயதிலேயே அப்பாவோடு போய் வந்திருக்கிறார். திபெத்திய மொழி, அங்கே யாரைப் பார்த்தால் எப்படி வணங்க வேண்டும், தேநீரில் என்ன கலப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பின்னாளில் அவருடைய உயிரைக் காப்பாற்றியது இந்தப் பழக்கம்தான்.

1855-ல் ஒரு திருப்பம். ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் மூன்று பேர் இமயமலைப் பகுதியை ஆராய வந்தார்கள். அவர்களோடு சேர்ந்த உள்ளூர் ஆட்களில் நைன் சிங்கும் ஒருவர். மானசரோவர், லடாக் என்று சுற்றினார்கள். திசைகாட்டி, வெப்பமானி எல்லாம் அப்போதுதான் அவர் கைக்கு வந்தன. அந்தச் சகோதரர்களில் ஒருவரான அடால்ஃப், 1857-ல் காஷ்கர் நகரில் உளவாளி என்ற சந்தேகத்தில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். இந்த வேலையில் மாட்டினால் என்ன ஆகும் என்பது நைன் சிங்குக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதன்பிறகு ஊருக்குத் திரும்பி அரசுப் பள்ளியில் ஆசிரியரானார். 'பண்டிட்' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

வரைபடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு

இங்கே கொஞ்சம் பின்னணி பார்த்துவிடலாம்.

இந்தியாவை அங்குலம் அங்குலமாக அளக்கும் மாபெரும் முக்கோண அளவைப் பணி 1802-ல் சென்னை பரங்கிமலையில்தான் ஆரம்பமானது. வில்லியம் லாம்டன் அங்கே அளந்த அடிக்கோட்டிலிருந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக வடக்கே ஏறிப் போனார்கள். அறுபது ஆண்டுகளில் அந்த வலை இமயமலையைத் தொட்டுவிட்டது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம்கூடக் கணக்கிடப்பட்டுவிட்டது.

மலைக்கு அந்தப் பக்கம்? வெறும் வெள்ளைத் தாள். திபெத்தின் வரைபடம் என்று கையில் இருந்தவை பழைய காலத்துத் தோராயக் கணக்குகள்தான். லாசா எங்கே என்றே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சாங்போ என்ற பெரிய ஆறு திபெத்தில் கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதுதான் அசாமில் பிரம்மபுத்திராவாக இறங்குகிறதா என்பதும் தெரியாது. இன்னொரு பக்கம் மத்திய ஆசியாவில் ரஷ்யப் பேரரசு ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு தெற்கே வருகிறது. நடுவில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் இருப்பது பிரிட்டிஷ் அரசுக்கு உறுத்தலாக இருந்தது.

ஆனால் போவது எப்படி? லாம்டன் காலத்துப் பெரிய தியோடலைட் கருவியின் எடை அரை டன். அதைப் பத்துப் பதினைந்து பேர் சுமந்து, மலை உச்சியிலோ கோபுரத்திலோ ஏற்ற வேண்டும். நுழையவே கூடாது என்கிற நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வெள்ளைக்காரர் முகம் தெரிந்தாலே எல்லையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காஷ்மீர் அளவைப் பணியில் இருந்த கேப்டன் தாமஸ் மான்ட்கோமரிக்கு ஒரு யோசனை வந்தது. (காரகோரம் சிகரங்களுக்கு கே1, கே2 என்று எண் கொடுத்தவர் இவர்தான், கே2 பெயராகவே நிலைத்துவிட்டது.) எல்லை தாண்டி வியாபாரம் செய்கிற உள்ளூர் மக்கள் தடையில்லாமல் போய் வருகிறார்களே, அவர்களில் படித்த சிலருக்கு அளக்கக் கற்றுக்கொடுத்தால் என்ன? முதலில் முகமது ஹமீது என்பவரை 1863-ல் யார்கண்டுக்கு அனுப்பினார். போன காரியம் முடிந்தது. ஆனால் திரும்பி வரும் வழியில் அவர் இறந்துவிட, குறிப்புகள் மட்டும் வந்து சேர்ந்தன.

அடுத்து திபெத். கல்வித் துறையில் இருந்த ஒரு அதிகாரி மூலம் மிலம் ஊர் வாத்தியாரின் பெயர் போனது. நைன் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் 1863-ல் டேராடூனுக்கு வரவழைக்கப்பட்டார்கள்.

நடக்கக் கற்றுக்கொண்ட 33 வயதுக்காரர்

பயிற்சி சுமார் இரண்டு வருடம். அதில் மிகக் கஷ்டமான பாடம் என்ன தெரியுமா? நடை.

சும்மா நடப்பது இல்லை. மேடு ஏறினாலும், பள்ளம் இறங்கினாலும், சமதரையில் போனாலும் ஒவ்வொரு எட்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். 2,000 எட்டு வைத்தால் ஒரு மைல். இதைச் செய்து பார்த்தால்தான் கஷ்டம் புரியும். ஏற்றத்தில் நம் கால் தானாகக் குறுகும், இறக்கத்தில் தானாக நீளும். களைத்துப் போனால் நடை தளரும். யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை விட்டுப்போகும். உடம்பையே ஒரு அளவுகோலாக மாற்ற வேண்டும். அதுவும் வருடக் கணக்கில்.

எண்ணிக்கை தவறக் கூடாது என்பதற்குத்தான் அந்த 100 மணி மாலை. ஒரு முழுச் சுற்று என்றால் 10,000 எட்டு, அதாவது 5 மைல். மாலை உருட்டி மந்திரம் சொல்கிறவரை யாரும் இடைமறித்துப் பேசுவதில்லை என்பது திபெத்திய மரியாதை. எதிரே ஆள் வந்தால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு இன்னும் சத்தமாக ஜபித்தால் போதும், விலகிப் போய்விடுவார்கள். சுங்கச் சாவடியில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பவர்கள்கூடப் பிரார்த்தனைச் சக்கரத்தின் மேல் கை வைக்க மாட்டார்கள். யோசித்தவர் கில்லாடிதான்.

மற்ற கருவிகளும் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டன. நட்சத்திரத்தின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவி, பெட்டியின் பொய் அடித்தட்டுக்குக் கீழே. வெப்பமானி ஊன்றுகோலுக்குள். பாதரசம் சோழிகளுக்குள், மெழுகு வைத்து அடைத்து. பெயர்கூட மறைந்தது, ஆவணங்களில் அவர் வெறும் 'பண்டிட்' அல்லது 'எண் 1'.

நடந்தால் வரைபடம் எப்படி வரும்?

அடிப்படை எளிமையானது. தெரிந்த ஒரு இடத்தில் நிற்கிறீர்கள். திசைகாட்டியை வைத்து, தூரத்தில் தெரியும் பாறை எந்தத் திசையில் என்று குறிக்கிறீர்கள். எண்ணிக்கொண்டே அதுவரை நடக்கிறீர்கள். திசையும் தூரமும் தெரிந்துவிட்டதால் பாறையைத் தாளில் புள்ளியாக வைக்கலாம். பாறையிலிருந்து அடுத்த வளைவு, அங்கிருந்து ஆற்றுத் துறை, அப்புறம் மடாலயம். புள்ளிகளைச் சேர்த்தால் பாதை கிடைத்துவிடும்.

இன்றைக்கும் இந்த வேலை ஒழிந்துபோகவில்லை. ஓரியண்டியரிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடி, குறித்த இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான வரைபடத்தைத் தயாரிப்பவர் மரங்கள் அடர்ந்த பூங்காவுக்குள் திசைகாட்டியும் பலகையுமாகப் போய், எட்டு எண்ணி, ஒவ்வொரு பாறையையும் ஒற்றையடிப் பாதையையும் நேரில் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவார். மேலிருந்து எடுத்த படத்தில் மரக்கிளைக்கு அடியில் இருப்பது தெரியாது. அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் சிக்னலும் தடுமாறும். என்ன வித்தியாசம் என்றால், அவரைப் பிடித்து யாரும் தலையை வெட்ட மாட்டார்கள்.

இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. ஒவ்வொரு எட்டிலும் வரும் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போகும். அதைத் திருத்துவதற்குத்தான் நட்சத்திரங்கள். ஒரு இடத்தில் குறிப்பிட்ட நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று அளந்தால், அந்த இடம் பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு வடக்கே என்று தெரிந்துவிடும். அதாவது அட்சரேகை. உயரத்தை அளக்கத் தொடுவானம் வேண்டும். மலைக்கு நடுவே தொடுவானத்துக்கு எங்கே போவது? அதனால் பாதரசத்தைப் பிச்சைப் பாத்திரத்தில் ஊற்றுவார். பாதரசத்தின் மேற்பரப்பு எப்போதும் மட்டமாக இருக்கும், கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும். வானத்து நட்சத்திரத்துக்கும் பாத்திரத்து நட்சத்திரத்துக்கும் இடையிலான கோணத்தை அளந்து பாதியாக்கினால் விடை.

தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதற்குத் தண்ணீரைக் கொதிக்க வைப்பார். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் குறையும். தேநீருக்கு வைத்த தண்ணீரில் யாரும் பார்க்காத நேரத்தில் வெப்பமானியை விட்டு எடுத்தால் வேலை முடிந்தது.

இத்தனையையும் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டும். அதுவும் ராத்திரியில், உறைபனியில், பக்கத்தில் பத்துப் பேர் தூங்கும்போது.

எல்லையில் மாட்டிக்கொண்டார்கள்

1865 தொடக்கத்தில் இருவரும் கிளம்பினார்கள். சொந்த ஊர் வழியாகப் போனால் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் நேபாளம் வழி. மார்ச்சில் காட்மண்டு. அங்கிருந்து எல்லை ஊரான கிரோங் பக்கம் போனதும் முதல் அடி விழுந்தது. குதிரை வாங்கப் போகிறோம், அப்படியே புண்ணியத்தலம் பார்ப்போம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். சோதனை போட்டவர்களுக்குக் கருவிகள் கண்ணில் படவில்லை. ஆனாலும் அனுமதி இல்லை. கிரோங் அதிகாரிக்கு மணி சிங்கை ஏற்கெனவே தெரியும் என்பது அப்போதுதான் தெரியவந்தது. நெருங்கினால் வேஷம் கலைந்துவிடும். திரும்பினார்கள்.

மணி சிங் அந்த முயற்சியை அதோடு விட்டுவிட்டார். நைன் சிங் விடவில்லை. பின்னல் வைத்துக்கொண்டு லடாக் வியாபாரியாக வேஷம் மாற்றி ஜூனில் மறுபடி கிளம்பினார். லாசாவுக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்ன ஒரு வியாபாரி 100 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றினான். லாசா பக்கமே போக மாட்டேன், போனால் என் உயிர் போகட்டும் என்ற பொருளில் கிரோங் அதிகாரியிடம் உறுதிமொழி கொடுக்க வேண்டியும் வந்தது. அப்புறம் எப்படியோ செப்டம்பரில் சாங்போ ஆற்றங்கரையில் உள்ள தராதோம் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார்.

அங்கேதான் அதிர்ஷ்டம் அடித்தது. லடாக்கிலிருந்து லாசாவுக்குப் போகும் பெரிய வியாபாரக் கூட்டம் அந்த வழியாக வந்தது. அதில் ஒட்டிக்கொண்டார். ஆற்றில் படகு போகக்கூடிய இடங்களில் மற்றவர்கள் தோல் படகில் ஏறிக்கொள்ள, இவர் மட்டும் கரையோரமாக நடந்தார். படகில் போனால் எட்டு எண்ண முடியாதே!

ஷிகாட்சேயில் ஒரு சங்கடம். கூட்டத்தோடு வந்தவர்கள் எல்லோரும் தாஷிலுன்போ மடாலயத்துக்குப் போய் பஞ்சன் லாமாவை வணங்க வேண்டும். அவர் மனதில் இருப்பதை எல்லாம் படித்துவிடுவார் என்பது நம்பிக்கை. தன் மனதில் இருப்பது என்ன என்று நைன் சிங்குக்குத் தெரியும். நடுக்கத்தோடு உள்ளே போனால், சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தது ஒரு சிறுவன். உங்கள் அரசர் நலமா, நாடு செழிப்பாக இருக்கிறதா, நீங்கள் நலமா என்று எல்லோரிடமும் கேட்கும் மூன்று கேள்விகளையே அவரிடமும் கேட்டு, ஆசி வழங்கி அனுப்பிவிட்டார்.

லாசாவில் மூன்று மாதம்

1866 ஜனவரி 10. நைன் சிங் லாசாவுக்குள் நுழைந்தார். புறப்பட்டு ஏறத்தாழ ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்கினார். ராத்திரியில் நட்சத்திரம், பகலில் நகரம். கோயில்கள், சந்தை, எந்த நாட்டு வியாபாரி எப்போது வருகிறான், என்ன விலை, புத்தாண்டு விழாவில் மடாலயத்துக்காரர்கள் நகரத்தையே கையில் எடுத்துக்கொள்வது வரை எல்லாவற்றையும் கவனித்தார். தலாய் லாமாவைப் பார்க்கும் கூட்டத்திலும் கலந்துகொண்டார். அவரும் அப்போது சிறுவர்தான்.

கையில் இருந்த காசு கரைந்தது. வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது? வாத்தியார் வேலைதான் கைகொடுத்தது. லாசாவில் இருந்த நேபாள வியாபாரிகளுக்கு நம் நாட்டு முறையில் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்து நாட்களை ஓட்டினார். உளவு வேலைக்குப் போன இடத்தில் டியூஷன் எடுத்த ஆள் வேறு யாராவது இருப்பார்களா தெரியவில்லை.

இரண்டு காஷ்மீர் முஸ்லிம் வியாபாரிகள் அவருடைய வேஷத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். காட்டிக்கொடுத்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவருடைய கடிகாரத்தை அடகாக வைத்துக்கொண்டு பணமும் கொடுத்து உதவினார்கள்.

அனுமதியில்லாமல் லாசாவுக்கு வந்த ஒரு சீனரின் தலை பொது இடத்தில் வெட்டப்படுவதை நைன் சிங் பார்க்க நேர்ந்தது. அது போதாதென்று, ஒருநாள் தெருவில் எதிரே வந்தது யார் தெரியுமா? அதே கிரோங் அதிகாரி. உயிர் போகட்டும் என்று எந்த ஆளிடம் சொல்லியிருந்தாரோ அதே ஆள். அதன்பிறகு வெளியே தலைகாட்டுவதையே குறைத்துக்கொண்டார். வேறு வீட்டுக்கும் மாறினார்.

ஏப்ரலில் லடாக் கூட்டம் திரும்பிக் கிளம்ப, அவரும் சேர்ந்துகொண்டார். சாங்போ ஆற்றை ஒட்டியே மேற்கே நடந்து, மானசரோவர் வரை வந்து, இமயமலையைத் தாண்டி, 1866 அக்டோபர் 27 அன்று டேராடூன் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். அளந்த பாதை சுமார் 1,200 மைல். 31 இடங்களில் அட்சரேகை, 33 இடங்களில் உயரம். லாசாவின் அட்சரேகை 29 பாகை 39 நிமிடம் என்று எழுதியிருந்தார். செயற்கைக்கோள் காலத்திலும் அந்த எண் மாறவில்லை. உயரத்தை சுமார் 11,700 அடி என்று கணக்கிட்டார்கள். இன்றைய அளவு கிட்டத்தட்ட 12,000 அடி. கொதிக்கிற தண்ணீரையும் ஒரு வெப்பமானியையும் மட்டும் வைத்துக் கிடைத்த விடை அது.

தங்கம் தோண்டும் குளிர்

மூச்சு வாங்க நேரமில்லை. 1867-லேயே அடுத்த பயணம். இந்த முறை மேற்குத் திபெத்தின் தங்கச் சுரங்கங்கள். மணி சிங், கல்யாண் சிங் இருவரும் உடன் வந்தார்கள். வழியில் ஒரு முகாமின் தலைவருக்குச் சந்தேகம் வந்துவிட, மணி சிங் பிணையாக அங்கேயே உட்கார வேண்டியதாயிற்று. நைன் சிங் மட்டும் தோக் ஜாலுங் சுரங்கத்துக்குப் போனார்.

16,000 அடிக்கு மேல் ஒரு குடியிருப்பு. காற்றுக்குப் பயந்து தரையில் குழி தோண்டி அதற்குள் கூடாரம் போட்டிருந்தார்கள். தூங்குவதுகூட விநோதம்: முட்டியும் முழங்கையும் தரையில் ஊன்றி, தலையை முட்டியோடு சேர்த்து, இருக்கிற துணியை எல்லாம் முதுகில் குவித்துக்கொண்டு தூங்குவார்கள். குளிர்காலத்தில்தான் அங்கே கூட்டம் அதிகம் என்பது இன்னும் ஆச்சரியம். மண் உறைந்து கெட்டியாகிவிடுவதால் குழியின் பக்கச் சுவர் சரியாது என்பது காரணம். நைன் சிங் இதையெல்லாம் எழுதிவைத்தார். சிந்து நதியின் மேற்பகுதியையும் அந்தப் பயணத்தில்தான் அளந்தார்கள்.

கடைசி நடை

1873-ல் பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு யார்கண்ட் பக்கம் போனார். அடுத்த வருடம் அவருடைய கடைசிப் பெரிய பயணம். வயது 43. உடம்பு முன்பு போல இல்லை, கண் பார்வையும் மங்கத் தொடங்கியிருந்தது. இருந்தும் 1874 ஜூலை 15 அன்று லே நகரிலிருந்து புத்தத் துறவி வேஷத்தில் கிளம்பினார்.

இந்த முறை வடக்குப் பாதை. பாங்காங் ஏரியைத் தாண்டி, சாங்தாங் என்ற பீடபூமி வழியாக லாசாவுக்கு. நாள் கணக்கில் நடந்தாலும் மனித முகம் தெரியாத நிலம். மூட்டை சுமக்கக் குதிரை கிடையாது, ஆடுகள்தான். வழியில் மேய்ந்துகொள்ளும், தேவைப்பட்டால் சாப்பாடும் அதுவே. ஏரிக்குப் பின் ஏரியாக, அதுவரை வரைபடத்தில் இல்லாத உப்பு ஏரிகளைக் குறித்துக்கொண்டே நடந்தார்.

நவம்பர் 18 அன்று லாசா. ஆனால் தங்கியது இரண்டே நாள். இந்தியாவிலிருந்து ஒரு ஆள் வருகிறான் என்ற வதந்தி அவருக்கு முன்னாலேயே நகரத்துக்குள் வந்துவிட்டிருந்தது. தன்னைத் தெரிந்த ஒருவர் நடமாடுவதும் கண்ணில் பட்டது. அதுவரை எழுதிய குறிப்புகளை இரண்டு ஆட்களிடம் கொடுத்து லே நகருக்குத் திருப்பி அனுப்பினார். தான் பிடிபட்டாலும் அளவு பிழைக்கட்டும் என்று. வடக்கே போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, தெற்கே திரும்பினார்.

சாங்போ ஆற்றை சேதாங் அருகே கடந்தார். அந்த ஆறு அங்கிருந்து கிழக்கே வளைந்து மலைக்குள் மறைவதைப் பார்த்தார். பின்தொடர்ந்து போக முடியவில்லை. டிசம்பர் 24-ல் தவாங். அங்கே மேலே போக விடாமல் ஏறத்தாழ இரண்டு மாதம் நிறுத்திவைத்துவிட்டார்கள். 1875 மார்ச் 1 அன்று அசாமின் உதல்குரிக்கு வந்து சேர்ந்தபோது அவர் அளந்திருந்த தூரம் 1,300 மைலுக்கு மேல். அதில் பெரும்பகுதி அதற்கு முன் எந்த அளவையாளரும் கால் வைக்காத நிலம்.

பதக்கமும் பழியும்

லண்டன் ராயல் ஜியாகிராஃபிகல் சொசைட்டி 1868-ல் தங்கக் கடிகாரம் கொடுத்தது. 1877-ல் தன் தங்கப் பதக்கத்தையே கொடுத்தது. பாரிஸ் புவியியல் சங்கமும் பரிசு வழங்கியது. அரசு சி.ஐ.இ. பட்டமும், ரோஹில்கண்ட் பகுதியில் நிலமும் தந்தது.

அவர் அளந்தது யாருக்காக என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. 1904-ல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் பிரிட்டிஷ் படை துப்பாக்கியோடு லாசாவுக்குள் நுழைந்தபோது, திபெத் அவர்களுக்கு வெள்ளைத் தாளாக இல்லை. அதற்கான முதல் கோடுகளைப் போட்டவர்களில் நைன் சிங்கும் ஒருவர். தன்னை ஆசீர்வதித்து அனுப்பிய ஊரை அவர் ரகசியமாக அளந்தார் என்பதும் உண்மை. அந்த அளவு துல்லியமாக இருந்தது என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மறைத்தால் அவர் வாழ்க்கையைப் பாதிதான் சொன்னதாக ஆகும். இன்னொன்று, பண்டிட் என்ற ரகசியப் பெயருக்குப் பின்னால் உள்ள மனிதர் பெயர் உலகத்துக்குத் தெரிந்ததே அவர் வேலையை விட்ட பிறகுதான். உயிரைப் பணயம் வைத்தவர் பெயர் தெரியாமல், திட்டம் போட்ட கேப்டன் பெயர் மட்டும் பல வருடம் பேசப்பட்டது.

ஓய்வுக்குப் பிறகும் அவர் அடுத்த தலைமுறை அளவையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய உறவினர் கிஷன் சிங் 1878-ல் கிளம்பி, நான்கு வருடம் திபெத்திலும் மங்கோலியர் நிலத்திலும் அலைந்துவிட்டுத் திரும்பியது தனிக் கதை. சாங்போதான் பிரம்மபுத்திரா என்பதற்கான ஆதாரங்களும் பின்னால் வந்தவர்கள் மூலம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. நைன் சிங் அந்த நூற்றாண்டு முடியும் முன்பே காலமானார்.

2004-ல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவத்தோடு தபால்தலை வெளியிட்டது. 2017 அக்டோபர் 21 அன்று கூகுள் தன் முகப்பில் அவரை வைத்தபோதுதான் பலர் முதன்முறையாக யார் இவர் என்று தேடிப் பார்த்தார்கள். மிலம் ஊரில் இன்று ஆள் நடமாட்டம் குறைவு. 1962 போருக்குப் பிறகு எல்லை வியாபாரம் நின்றுபோக, பெரும்பாலான குடும்பங்கள் கீழே இறங்கிவிட்டன. கல் வீடுகள் பல கூரை இல்லாமல் நிற்கின்றன.

நட்சத்திரத்தைப் பார்த்து ஒரு இடத்தின் அட்சரேகையைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை நைன் சிங் இந்தியில் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார். பெயர் 'அக்ஷாம்ஷ் தர்பண்', அட்சரேகைக் கண்ணாடி என்று பொருள். டேராடூனில் தான் கற்றுக்கொண்ட பாடத்தை, தன்னைப் போல மலைக் கிராமத்திலிருந்து வரும் ஒருவருக்குப் புரிகிற மொழியில் எழுதிவைத்தார் அந்த வாத்தியார்.